கதாநாயகனின் துயரத்தைத் தோடியிடம் கேட்டு எழுதுவது எப்படி

கதாநாயகனின் உணர்ச்சியை எழுத வரவில்லை என்று கேட்கும் இளம் எழுத்தாளர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது) ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்பது. அவர் 1956இல் மறைந்தவர். கிடைக்கும் ஒலிப்பதிவுகள் பழையவை, இரைச்சல் கலந்தவை. இருந்தாலும் கேளுங்கள். நான் குத்தாலத்துக்காரன். திருவாவடுதுறையும் நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையும் எனக்குப் பக்கத்து ஊர்கள். ஊர்ப் பாசம் எனக்கு நிறையவே உண்டு என்றாலும் தோடியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. ஒரு மனிதனின் மனம் படுகிற பாட்டை, ஒரு சொல்லும் இல்லாமல், அவ்வளவு நேரம் விரித்துக் காட்டுகிற வேறொன்றை நான் கேட்டதில்லை.

எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். தோடியில் ஏழு ஸ்வரங்களும் உண்டு. ஸ ரி க ம ப த நி என்ற வரிசையில் ‘ப’ பஞ்சமம், ‘ம’ மத்தியமம், ‘த’ தைவதம், ‘க’ காந்தாரம். தேர்ந்த வித்வான் வெகுநேரம் பஞ்சமத்தைத் தொடாமலே வாசிப்பார். மத்தியமத்திலிருந்து தைவதத்துக்குத் தாண்டுவார், இறங்குவார், காந்தாரத்தை அசைத்து அசைத்து நிறுத்துவார். பஞ்சம வர்ஜ்யம் என்று இதைச் சொல்வார்கள். சங்கீதம் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று இன்னும் வரவில்லை என்று உள்ளுக்குள் தோன்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் வாசிப்பு பஞ்சமத்தில் வந்து நிற்கும்போது உடம்பே தளர்ந்து இளகிவிடும்.

இதையே கதையில் செய்யுங்கள். எழுத உட்காரும் முன், அந்த அத்தியாயத்தில் நாயகனை ஆட்டிவைக்கும் உணர்ச்சி எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே சொல்லாக எழுதுங்கள். துக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லும், கண்ணீர், விம்மல், கனத்த நெஞ்சு, அடைத்த தொண்டை என்று அதற்கு உறவான எதுவும் அத்தியாயத்துக்குள் வரக் கூடாது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு முறை வரலாம். அதற்கும் அவசியம் இருக்க வேண்டும். முடித்தபின் கதை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவரையும் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். என் பக்கங்களை முதலில் படிப்பவர் என் அக்கா. நான் துக்கம் என்று எழுதியதற்கு அவர் பயம் என்று எழுதினால், நாயகன் செய்கிற காரியங்களைத்தான் மாற்றுவேன், அவன் பேசுகிற பேச்சை அல்ல.

துக்கம் என்று பொதுவாக எழுதியதும் நின்றுவிடாதீர்கள். இங்கே கைகொடுப்பது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களாக நான்கு நான்கைத் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு. பிறர் இகழ்வது, உள்ளதை இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, கையில் இல்லாமை. கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள கருவியை நான் பார்க்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அப்படித் தோப்பை இழந்த ஒருவன் உங்கள் நாயகன் என்றால், அவன் அழுகை எந்த இடத்தில் பிறக்கிறது? இழவு என்றால், அப்பா நட்ட வரிசை எது, தான் நட்ட வரிசை எது என்று விழுந்த மரங்களுக்கு நடுவே அவன் பிரித்துப் பார்த்துக்கொண்டு நடப்பான். இளிவு என்றால், கணக்கெடுக்க வந்த இளைஞன் தலைநிமிராமல் அவன் பெயரைக் கேட்கும் காட்சி போதும். வறுமை என்றால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று அவன் காலண்டரைப் பார்ப்பான். அசைவு என்றால், சட்னிக்கு ஒரு தேங்காய் வேண்டி மளிகைக் கடையில் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகத் தேங்காய் என்ன விலை என்று கேட்பான். எனக்கு இந்தக் கடைசிக் காட்சிதான் பிடிக்கும். அதில் புயலும் இல்லை, மரமும் இல்லை, அழுகிறவனும் இல்லை. நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். நான்கையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தால் நாயகன் படிப்பவரிடம் இரக்கம் கேட்டு நிற்பவனாகிவிடுவான்.

அடுத்தது ஒத்து. நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒருவர் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். இப்போது பல மேளங்களில் சுருதிப் பெட்டி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. உங்கள் நாயகனுக்கும் அப்படி விடாமல் ஒலிக்கும் ஒரு கவலை வேண்டும். கடைமடை விவசாயிக்கு அது தண்ணீர். மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 என்று வழக்கமான நாள் இருந்தாலும், திறந்த தண்ணீர் அவன் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்பது அவனுக்குத் தெரியாது. ஆகவே தங்கையின் நிச்சயதார்த்தத்தில், சாவு வீட்டில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும் மேற்கேயிருந்து வருகிறவரிடம் ஆற்றில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அவன் கேட்கட்டும். அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம்.

கோபத்துக்குத் தவிலிடம் போங்கள். தவில்காரர் தனியாக வாசிக்கும்போது முடிவில் வைக்கும் கோர்வையை, அதாவது கோத்து வைத்த தாளக் கட்டை, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சொற்கட்டுகளுக்கு, அதாவது அடிகளின் தொகுப்புகளுக்கு நடுவே கார்வை என்ற இடைவெளி விடுவார்கள். அடி விழாத அந்த இடத்தில்தான் கூட்டம் மூச்சைப் பிடிக்கும். நீளமான கட்டு, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று குறைந்துகொண்டே வரும் கோபுச்ச யதியும் உண்டு. நம் கதைகளில் அவமானப்பட்ட நாயகன் உடனே நீளமாகப் பேசத் தொடங்குகிறான். அவனைப் பேசவிடாதீர்கள். “திண்ணைக்கு அடியில் கிடந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் இறங்கினான். படலைத் திறந்தான். போனான்.” வாக்கியங்கள் குறுகுவதிலேயே கோபம் ஏறிவிடுகிறது.

நாயகன் எதையும் வெளிக்காட்டாதவன் என்றால் என்ன செய்வது? கம்பனிடம் பதில் இருக்கிறது. எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் தேரழுந்தூர்தான் அவர் பிறந்த ஊர். காடு போகச் சொன்ன சொல்லைக் கேட்டபோதும் இராமன் முகம் அப்போதே மலர்ந்த தாமரையை வென்றது என்கிறார். கொதிப்பை முழுவதும் இலக்குவனிடம் வைக்கிறார். வில்லெடுத்து நிற்கும் தம்பியிடம் இராமன் சொல்வது, “நதியின் பிழையன்று நறும்புனல் இன்மை.” தண்ணீர் இல்லாதது ஆற்றின் குற்றமில்லை. வறண்ட காவிரியைப் பார்த்த கண்தான் இதை எழுதியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அடங்கிய நாயகனை எழுதுகிறீர்கள் என்றால், அவனுக்காகக் கொதிக்கும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்த ஒருவரை அவன் தணிக்கும்போது எடுக்கும் சொற்களில் அவன் மனம் வெளிவரும்.

மகிழ்ச்சி எழுதுவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். முகாரி அழுகை ராகம் என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஆனால் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர், சபரிக்குக் கிடைத்த பாக்கியத்தை வியந்து பாடும் கீர்த்தனையை முகாரியில்தான் அமைத்தார். வெகுகாலம் காத்திருந்தவளின் சந்தோஷத்துக்கு அந்த ராகம்தான் பொருந்தும். உங்கள் நாயகனுக்கு நல்லது நடக்கும் இடத்தில், அவன் அதற்காகக் காத்திருந்த காலமும் கூடவே கேட்க வேண்டும்.

கேட்கும் முறை பற்றிச் சில சொற்கள். எழுதும்போது பாட்டு ஓடக் கூடாது. எழுதுவதற்கு முன் கேளுங்கள், அணைத்துவிட்டு உட்காருங்கள். சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள் உள்ளதைத் தவிர்த்து ஆலாபனையாகக் கேளுங்கள். சொற்கள் இருந்தால் பாடலாசிரியரின் மனம் உங்கள் நாயகனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாவலுக்கு, ஒரு பாத்திரத்துக்கு, ஒரு ராகம் போதும். நாவலைப் பாதியில் விட்டுப் பல மாதம் கழித்துத் திரும்பினாலும், அதே ஆலாபனையைக் கேட்டதும் அந்த ஆள் வந்து நிற்பான். ராகத்தின் பெயரை மட்டும் கதைக்குள் எழுதாதீர்கள், நாயகனே மேளக்காரனாக இருந்தாலொழிய.

நேரில் கேட்க நம் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கோவில் திருவிழாவில் இரவுப் புறப்பாடு நடக்கும்போது, புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி முடிந்து ராகம் தொடங்கும் நேரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காமல் மேளத்தின் பக்கவாட்டில் கூடவே நடந்து போங்கள். வீட்டுக்கு வந்ததும் சங்கீதக் குறிப்பு எதுவும் எடுக்க வேண்டாம். உங்கள் நாயகன் அந்த வீதியில் எங்கே நின்றிருப்பான், யாரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான் என்பதை மட்டும் அரைப் பக்கம் எழுதிவிட்டுத் தூங்குங்கள்.