கொத்தமல்லித் தழை: தண்டை எறியாமல் முழுக்கட்டையும் பயன்படுத்துவது எப்படி?

கொத்தமல்லியைக் கடைசியில் மேலே தூவத்தான் பலரும் எடுக்கிறார்கள், அதிலும் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தண்டிலும் அதே மணம் இருக்கிறது, அதை எறிவது பாதிக் கட்டை எறிவதற்குச் சமம். சமைக்கப் பழகுபவர்கள் முதலிலேயே இதைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்.

சத்து என்ன இருக்கிறது?

100 கிராம் பச்சைத் தழையில் சுமார் 92 கிராம் தண்ணீர்தான், கலோரி 23. வைட்டமின் சி 27 மில்லிகிராம், பொட்டாசியம் 520 மில்லிகிராம், வைட்டமின் கே 310 மைக்ரோகிராம் அளவில் இருக்கின்றன. ஆனால் 100 கிராமை யாரும் ஒரே வேளையில் சாப்பிடுவதில்லை. 10 கிராம், அதாவது ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொண்டால் வைட்டமின் சி 3 மில்லிகிராம்கூடத் தேறாது, வைட்டமின் கே மட்டும் 30 மைக்ரோகிராம் வரும், அது பெரியவர்களின் ஒரு நாள் தேவையில் கால் பங்குக்குக் குறையாது. வைட்டமின் கே ரத்தம் உறைய உதவுவது என்பதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கழுவுதல்

குழாயடியில் கட்டோடு காட்டினால் மண் போகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தழையை முக்கி, லேசாக அலசி, தழையைத்தான் மேலே தூக்கி எடுக்க வேண்டும். தண்ணீரோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் இலைமேலேயே விழும். பாத்திரத்தின் அடி சுத்தமாகத் தெரியும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

2. பிரித்தல்

வேர், தண்டு, இலை என்று மூன்றாகப் பிரியுங்கள். வேர் இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி நசுக்கி சூப்பில் போடலாம், பரிமாறும்போது எடுத்துவிட்டால் போதும். தண்டைப் பொடியாக நறுக்கி வெங்காயம் வதக்கும்போதே சேர்த்துவிடுங்கள். இலையை அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும், ஏனென்றால் இந்த மணத்தைத் தருவது எளிதில் ஆவியாகிப் போகும் பொருட்கள், கொதிக்கக் கொதிக்க அது காற்றோடு போய்விடும். இன்னொன்று, ஈரமான இலையை மொண்ணைக் கத்தியால் நறுக்கினால் நசுங்கிக் கறுத்துப்போகும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, கூர்மையான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள்.

3. அரைத்தல்

சத்துக்காகச் சாப்பிடுவதென்றால் என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த வழி, தூவும்போது உள்ளே போவதைவிடப் பல மடங்கு தழை இதில் போகும். இலை, தண்டு இரண்டையும் சேர்த்து இரண்டு கப், ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, உப்பு, இவற்றோடு ஒரு தேக்கரண்டி எண்ணெய். எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை, வைட்டமின் கேயும் பீட்டா கரோட்டினும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். மிக்ஸி சூடாகாமல் விட்டுவிட்டு ஓட்டி, நிறம் மங்காமலிருக்க ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும். இந்தத் தழை சோப்பு வாடை அடிக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, அது வீம்பு இல்லை, அந்த வாடையைக் கூர்ந்து உணரும் தன்மை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கிறது, அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

4. சேமித்தல்

இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்றால் ஈரம் போக உலர்த்தி, துணியில் சுற்றி, டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இன்னும் நாள் போக வேண்டுமென்றால் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து வைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்றி வாருங்கள். மீதியை நறுக்கி எண்ணெயில் பிசறி, ஐஸ் டிரேயில் போட்டு உறையவும் வைக்கலாம். உறைந்த இலை உருகினதும் துவண்டுவிடும் என்பதால் மேலே தூவ உதவாது, அப்படியே கட்டியாக எடுத்துக் குழம்பிலோ சூப்பிலோ போட்டுவிடுங்கள்.