தாத்தாவின் ரிவால்வர்: எமரித் தாளை எடுக்கும் முன்

வடசென்னையில் ராயபுரம், பெரம்பூர், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டிக்குள் சில சமயம் ஒரு ரிவால்வர் இருக்கும். பட்டாளத்திலோ ரயில்வேயிலோ இருந்த பெரியவருடையது. அதைப் பளபளவென்று ஆக்கி, வேலை செய்யவும் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே வந்துவிடும். பழம்பொருளும் கெட்டு, வழக்கும் வருவது இந்த ஆசையால்தான்.

கையில் எடுத்ததும் விசையை அழுத்திப் பார்க்காதீர்கள். அத்தனை வருஷம் கழித்தும் உள்ளே தோட்டா இருக்கலாம், அது வெடிக்கவும் செய்யலாம். பச்சை பூத்த பழைய தோட்டாக்களைக் குப்பையில் போடுவதும் எண்ணெயில் ஊறவைப்பதும் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

‘நூறு வருஷப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை’ என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது, உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கியேதான். அதைப் பழுது பார்க்கவும் 5-வது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் பழுது பார்த்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரைகூடப் போகலாம். தெரிந்த லேத்துப் பட்டறையில் கொடுத்து ‘தோட்டாவைத் தட்டுற பின் ஊசி மட்டும் கடைந்து கொடுண்ணே’ என்று கேட்பவர், அந்த அண்ணனையும் சேர்த்து மாட்டிவிடுகிறார். குழலை நாமே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தப்புக்கணக்கு.

லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியைப் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுகள் தங்கள் பெயரில் உரிமம் கேட்க விரும்பினால், சென்னை மாநகரில் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். காகித வேலை அலுப்புதான், ஆனாலும் முதலில் முடிக்க வேண்டியது அதுதான்.

காகிதமெல்லாம் சரியாகி, பொருள் வீட்டில் இருக்கலாம் என்று ஆன பிறகும் கெடுப்பதற்கு வழி நிறைய உண்டு. முதல் எதிரி, துருவைத் தேய்த்து எடுக்கும் எமரித் தாள் (உப்புத்தாள் மாதிரி). வெப்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய ரிவால்வரில் குழலையும் தோட்டா போடும் சிலிண்டரையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கிரீடம் போட்ட பொடிப்பொடி முத்திரைகள் தெரியும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் சுட்டுச் சோதித்து அடித்த அடையாளங்கள் அவை. எங்கே சோதித்தது, எந்தக் காலத்தது என்று சொல்ல இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. நாலு இழுப்பில் காணாமல் போகும். மேலே படிந்த கருநீலமும் பழுப்பும் அழுக்கு அல்ல, வயது. அதைச் சுரண்டிவிட்டு நிக்கல் முலாம் பூசி வந்த ரிவால்வரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கண்ணைப் பறிக்கும்; வரலாறு போயிருக்கும், சேகரிப்பவர் தரும் விலையும் விழுந்திருக்கும்.

கையில் கிடைத்த திருப்புளியால் ஸ்குரூவைத் திருகுவதும் அப்படித்தான். முனை ஸ்குரூத் தலையின் காடிக்குள் கச்சிதமாக உட்காராவிட்டால் காடியின் ஓரம் சிதைந்துவிடும். சிதைந்த ஸ்குரூவைப் பார்த்தே, விவரம் தெரிந்தவர் பொருளைக் கீழே வைத்துவிடுவார். பிரிக்கவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். உதிரும் செந்துருவை மெல்லிய மெஷின் ஆயில் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு விரல் ரேகையாகவே துருப்பிடிக்கும், கையுறை போடுங்கள்.

காசிமேட்டுக் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே தாங்காது. இதை வைப்பதற்கு ஈரம் புகாத பெட்டி வேண்டும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டும். கூடவே கிடைத்த தோல் உறையைத் தனியாக வையுங்கள். அழகாகப் பொருந்துகிறதே என்று அதற்குள் செருகி வைப்பார்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனம் இரும்பை அரிக்கும். உறை தொட்ட இடத்தில் வரும் பள்ளத்துரு எந்த மெழுகுக்கும் மறையாது.