ஃபவுண்ட் ஃபுட்டேஜ் குறும்படம்: கேமரா யார் கையில் இருக்கிறது?

செலவு குறைவு, ஃபோனே போதும் என்பதால் முதல் படத்துக்கே ஃபவுண்ட் ஃபுட்டேஜ் (பாத்திரங்களே எடுத்த வீடியோ பிறகு கண்டெடுக்கப்பட்டது போலக் காட்டும் வகை) பேய்க்கதையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் அதிகம். ஃபோகஸ் போனது, பேட்டரி தீர்ந்தது போன்றவை முதல் நாள் படப்பிடிப்பிலேயே தானாகத் திருந்திவிடும். எடிட்டுக்கு வந்தபின் சரிசெய்ய முடியாத தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரே கேமரா, இரண்டு கோணம்

படத்தையே கெடுக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிறது.

கதைப்படி நான்கு நண்பர்களில் ஒருத்தி மட்டும் ஃபோனில் எடுக்கிறாள். எதிரே நிற்பவனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அடுத்த ஷாட்டில் அவள் முகமே குளோசப்பில் வருகிறது. அதை எடுத்தது யார்? பார்ப்பவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ஆனால் அங்கே ஒரு படக்குழு நிற்பது அவருக்குத் தெரிந்துவிடும், பயமும் அதோடு போய்விடும். மாஸ்டர் (முழுக் காட்சியும் தெரியும் ஷாட்), குளோசப், எதிர்க்கோணம் என்று துண்டு துண்டாக எடுத்து வைத்திருந்தால் எடிட்டில் வேறு வழியே இருக்காது. மறுபடிதான் எடுக்க வேண்டும். அதற்குள் நடிகருக்குத் தேர்வு தொடங்கியிருக்கும், வீட்டைக் கொடுத்தவர் சாவியைத் திரும்ப வாங்கியிருப்பார்.

திரைக்கதையில் ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: கேமரா யார் கையில், ஏன் ஓடுகிறது, எப்போது அணைகிறது. பிறகு காட்சியைக் கேமரா இல்லாமல் முழுதாக ஒத்திகை பாருங்கள். அது பழகியதும் ஃபோனை அந்தப் பாத்திரமாக நடிப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். 1999இல் வெளியான ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ இப்படித்தான் உருவானது. நடிகர்களே கேமராக்களை இயக்கினார்கள். இயக்குநர்கள் காட்டில் குறித்த இடங்களில் ஃபிலிம் டப்பாக்களுக்குள் ஆளுக்கொரு குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கு வந்த குறிப்பு மற்றவருக்குத் தெரியாது.

காட்சியை இடையில் நிறுத்தாமல் முழு டேக்காக எடுங்கள். இரண்டு டேக்குகளை ஒட்டியே ஆக வேண்டுமென்றால், ஒட்டும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள்: வேகமாகத் திரும்பும்போது வரும் மங்கல், ஃபோன் சட்டைப்பைக்குள் போகும் இருட்டு, டார்ச் அணையும் நொடி. முதல் டேக் முடியும்போதும் இரண்டாவது தொடங்கும்போதும் கேமரா ஒரே திசையில், ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். ஒலியைப் படத்தோடு சேர்த்து வெட்டாதீர்கள். ஒட்டுமிடத்தைத் தாண்டி ஒரே டேக்கின் ஒலி ஓடட்டும். இதற்காக ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிட ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கதைக்குள் இரண்டு கேமரா இருக்கலாம். அப்போது இரண்டையும் யாரோ கோத்திருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ யார் என்பதையே கதையாக்கினால், இந்த வகைப்படங்கள் வழக்கமாகத் தொடாத கேள்வியைத் தொட்டுவிடுவீர்கள்.

கேமராவை வேண்டுமென்றே ஆட்டுவது

வேண்டாம். ஓடுபவர் கையில் அது தானாக ஆடும்.

பின்னணி இசை

கதைக்குள் ரேடியோ பாடினால் மட்டும்.

கோடு விழும் எஃபெக்ட்

ஃபோன் கோப்பில் பழைய விஎச்எஸ் வீடியோ டேப்பின் கோடுகள் வராது. டிஜிட்டல் வீடியோ கெட்டால் சதுரம் சதுரமாக உடையும், அல்லது உறையும்.

பச்சை வண்ணம் பூசினால் இரவுக்காட்சி ஆகிவிடாது

நைட்விஷன் கேமராவில் ஒளி லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே வரும். அதனால் அருகில் இருப்பவர் வெளுத்தும் பின்னால் சுவர் இருண்டும் தெரியும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். சிறிய எல்இடி விளக்கை லென்ஸை ஒட்டிக் கட்டி எடுங்கள், மற்ற விளக்குகளை அணையுங்கள், பிறகு நிறத்தை எடுத்துவிடுங்கள்.

எல்லா மரபையும் ஒரே படத்தில் உடைப்பது

ஒன்றை மட்டும் உடையுங்கள். அதற்கு முன் அந்த மரபைச் சில நிமிடங்களாவது ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள். இல்லையென்றால் அது பிழையாகத்தான் தெரியும். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ படம் பகலில் கையில் பிடித்த கேமராவை இரவில் படுக்கையறை டிரைபாடில் நிறுத்தியது. கேமரா எதையும் தேடிப் போகாததால், பார்ப்பவரே ஃபிரேம் முழுக்கத் தேட வேண்டியதாயிற்று.

கடைசியில் கேமரா கீழே விழுந்து திரை இருள்வதும் தேய்ந்துபோன மரபு. பத்து நிமிடப் படத்தில் ஆறாவது நிமிடத்திலேயே விழட்டும். யாரோ எடுத்துக்கொண்டு நடக்கட்டும். அதுவரை தோள் உயரத்தில் இருந்த லென்ஸ் இப்போது தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் போனால், எடுத்தது யார் என்று வசனம் தேவையில்லை.

ஃபோன் அமைப்புகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி வைத்தால் டியூப்லைட் மினுக்காது. ஃபோன்கள் பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவதால், தனியாகப் பதிந்த ஒலி நீண்ட டேக்கில் விலகிப்போகும். எடிட் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிடுங்கள்.