பேய்க்குத் தெரியக்கூடாது

போன மாதம் மட்டும் மூன்று பேர் தங்கள் ஹாரர் காமெடிக் குறும்படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டை, எனக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனால் மூன்று படத்திலும் பேய் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நானே எடுத்த படம்தான் ஞாபகம் வந்தது. அதிலும் பேய் கண்ணடிக்கும்.

சின்ன பட்ஜெட் பேய்க் காமெடிகளை எடுப்பதும், மற்றவர்கள் எடுத்ததை எடிட் செய்து கொடுப்பதும் என் வேலை. பார்ப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். ஏதோ உலக சினிமா பார்க்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கயிறு தெரியப் பறக்கும் மண்டையோட்டைப் பார்த்துச் சிரிக்கிற ஆள்.

ஃபோகஸ் தப்புவது, மைக் ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்ப்பது, பேட்டரி தீர்ந்துபோவது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் படமே அவற்றைக் கற்றுக்கொடுத்துவிடும். இரண்டாவது, மூன்றாவது படம் வரை கூடவே வருகிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

பேயின் பூர்வகதை

இருபது நிமிடப் படம். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும். அப்புறம் திடீரென்று படம் மங்கலாகும், வயலின் அழும், பேய் உயிரோடு இருந்த காலத்தில் யார் ஏமாற்றினார்கள், யார் கொன்றார்கள் என்று ஆறு நிமிடம் ஓடும். அதோடு காமெடி படுத்துவிடும். ஒரு பேய்க்காக ஒருமுறை கண் கலங்கிய பார்வையாளர், அடுத்த காட்சியில் அது வழுக்கி விழுந்தால் சிரிக்க மாட்டார். 'ஐயோ பாவம்' என்பார்.

பூர்வகதைக்கு ஒரு வசனம் போதும். அதையும் பயந்து நடுங்குகிற ஒருவர் சொல்ல வேண்டும். "இங்க முன்னாடி இருந்தவரு, கதவைத் தட்டாம உள்ள வந்தா மன்னிக்கவே மாட்டாராம்." இதிலேயே கதை வந்துவிட்டது, பேய்க்கு ஒரு சட்டமும் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் யாராவது கதவை நெருங்கும்போது பார்வையாளர் தானாக நிமிர்ந்து உட்காருவார். குளியலறைக் கதவாக இருந்தால் இன்னும் நல்லது.

விக்

நல்ல விக் கிடைக்காவிட்டால் பேய்க்கு முக்காடு போடுங்கள்.

வேண்டுமென்றே மோசமாக எடுப்பது

இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்த யோசனை எப்படிப் பிறக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு மட்டமான பேய்ப்படம் பார்ப்போம். ரப்பர் கை, அட்டைக் கல்லறை, பூதத்தின் முதுகில் தெரியும் ஜிப். விழுந்து விழுந்து சிரிப்போம். அப்போது ஒருவன் சொல்வான்: "நம்மகிட்டயும் காசு இல்ல. நாமளும் இப்படியே மோசமா எடுத்துட்டா என்ன? சிரிப்பாங்கல்ல?"

அந்த ஒருவன் நான்தான்.

22 நிமிடப் படம், ஒன்பது இரவுகள். கயிறு தெரியட்டும் என்று விட்டோம். கல்லறைக் கல் காற்றில் ஆடியது. ஆடட்டும் என்றேன். நடிகர்களுக்கு நான் சொன்னது இரண்டே வார்த்தை: "ஓவரா பண்ணுங்க." திரையிட்ட அன்று அறையில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். முதல் மூன்று நிமிடம் நல்ல சிரிப்பு. நான்காவது நிமிடத்தில் ஒரு இருமல் கேட்டது. அதன் பிறகு செல்போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. கல்லறைக் காட்சி வந்தபோது, அந்த அறையில் என்னைப் பயமுறுத்தியது அந்த வெளிச்சங்கள்தான்.

நாங்கள் புரிந்துகொள்ளாதது ஒன்று. நாங்கள் பார்த்துச் சிரித்த மட்டமான படங்களை எடுத்தவர்கள் யாரும் மோசமாக எடுக்க நினைக்கவில்லை. அமெரிக்க இயக்குநர் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் பேலா லுகோசி 1956-இல் இறந்துபோனார். கையில் இருந்தது அவர் நடித்த சில நிமிடக் காட்சிகள் மட்டும். மீதிக்கு இயக்குநர் தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் செய்துவந்தவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். ஆளும் வேறு, சாயலும் வேறு. அதனால் அவர் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே உலாவுகிறார். இதைக் கொண்டு எப்படியும் சமாளித்துவிடலாம் என்று ஒரு மனிதர் மனதார நம்பியது அந்த அங்கியில் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பாசமும் வருகிறது. அந்த நம்பிக்கையைப் பாவனையாகச் செய்ய முடியாது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-லேயே ஒரு கட்டுரையில், அறியாமல் இப்படி அமைவதையும் அறிந்தே செய்வதையும் பிரித்துக் காட்டி, அறிந்தே செய்வது பெரும்பாலும் அவ்வளவு ருசிப்பதில்லை என்று எழுதிவிட்டார். நான் அதைப் படித்தது படம் எடுத்து முடித்த பிறகு.

இதுவரை சொன்னது பணத்தோடும் தூக்கத்தோடும் போன நஷ்டம். எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் நான் சொன்னபடி செய்யவில்லை. அதுவரை கேமரா முன் நின்றதே இல்லாதவர். வீட்டுக்காரர் வேடம். பேயிடம் மூன்று மாத வாடகை பாக்கி கேட்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் கத்திக் குதித்துக்கொண்டிருக்க, இவர் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிடித்தபடி உள்ளே வந்தார். பேயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்து, மிக மெல்லிய குரலில் பாக்கியைச் சொன்னார். ஒரு நொடி பொறுத்து, "அவசரமில்லீங்க" என்றார். வெளியே போனவருக்குச் செருப்பை உள்ளேயே விட்டது ஞாபகம் வந்தது. வாசலில் நின்று செருப்பைப் பார்த்தார், பேயின் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். வெறுங்காலோடு போய்விட்டார். செருப்பு விஷயம் ஸ்கிரிப்டிலேயே கிடையாது.

டோன் ஒட்டவில்லை என்று அந்தக் காட்சியை நான் வெட்டிவிட்டேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. அவரிடம் சொல்லவும் இல்லை. திரையிடலுக்கு மனைவி, பிள்ளைகளோடு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். முடிந்து விளக்கு எரிந்ததும் என்னிடம் வந்து, "நம்ம சீன் அடுத்த பாகத்துல வருதா தம்பி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

பல வருடம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்த ஃபுட்டேஜ் கிடைத்தது. நண்பர்கள் இருவருக்குக் காட்டினேன். செருப்பைப் பார்க்கும் இடத்தில் ஒருவர் மூச்சு முட்டச் சிரித்தார். 22 நிமிடத்தில் இருந்த ஒரே நல்ல காட்சியைத் தேடிப் பிடித்து வெட்டியிருக்கிறேன்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்கிறார்களே, அதில் காமெடி முழுவதும் அரண்டவனிடம் இருக்கிறது. இருட்டு தன் பாட்டுக்கு இருட்டாக இருந்தால் போதும். 1948-இல் யுனிவர்சல் நிறுவனம் அபாட், காஸ்டெல்லோ என்ற சிரிப்பு ஜோடியைத் தன் பழைய பூதங்களோடு மோதவிட்டு ஒரு படம் எடுத்தது. 1931-இல் டிராகுலாவாக நடித்த அதே லுகோசி இதிலும் டிராகுலா. சிரிப்புக்காக அவர் அசட்டுத்தனம் எதுவும் செய்வதில்லை, பழைய கம்பீரத்தோடு வருகிறார். உளறுவதும் ஓடுவதும் மற்ற இருவரின் வேலை. இது காமெடிப் படம் என்ற விஷயம் டிராகுலாவுக்குத் தெரியாது. தெரியவே கூடாது.

இதைச் சொன்னால் உடனே ஜப்பானியப் படம் ஒன்றை என் மீது எறிவார்கள். 2017-இல் வந்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்தது. தொடக்கத்தில் 37 நிமிடம் ஒரே ஷாட், அது முழுக்கச் சொதப்பல். வேண்டுமென்றே செய்ததுதானே என்பார்கள். பிற்பாதியைப் பாருங்கள். ஒவ்வொரு சொதப்பலுக்கும் பின்னால் ஷாட்டை எப்படியாவது காப்பாற்ற உயிரைக் கொடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் சொன்னால் படம் பார்க்காதவர்கள் அடிக்க வருவார்கள்.

சரி, காசு இல்லை, கயிறு தெரிகிறது, என்ன செய்வது? மறைக்கப் பாருங்கள். முழு மனதோடு மறைக்கப் பாருங்கள். அப்படியும் தெரிந்தால் அதுதான் அழகு.

ரத்தம்

சர்க்கரைப் பாகில் நிறம் கலந்தது ஒட்டும், எறும்பைக் கூப்பிடும், கறை போகாது. ஒரே சட்டை என்றால் ஒரே டேக்.

பேயைக் காட்டும் அவசரம்

மேக்கப்புக்குச் செலவு செய்துவிட்டோம் என்பதற்காக இரண்டாவது நிமிடத்திலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 1981-இல் வந்த 'ஈவில் டெட்' படத்தில் கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, இரு முனையிலும் ஆள் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நம்மை நோக்கி வருகிறது என்பதற்கு அது போதுமாக இருந்தது. பலகைக்கு மேக்கப் வேண்டியதில்லை.

சத்தம்

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பேய்ப்படத்தில் பயம் வருவது அந்த ஒன்றுமில்லாத சத்தத்திலிருந்துதான். அதை விட்டுவிட்டு முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை இசையால் மெழுகுகிறார்கள். ஜோக்குக்கு ஜோக் 'டொய்ங்' வேறு. எங்கே சிரிக்க வேண்டும் என்று கைகாட்டினால் பார்வையாளர் சிரிக்காமல் இருந்துவிடுவார், வீம்புக்காகவே. அலறல் கால் நொடி தள்ளி வந்ததால் செத்துக் கிடந்த ஒரு ஜோக், ஆறு ஃப்ரேம் முன்னால் நகர்த்தியதும் எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரவு

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். பகலில் எடுத்து, இரவு போலத் தெரிய நீலமாக்குவது என்றால் வானத்தையாவது ஃப்ரேமுக்குள் விடாதீர்கள்.

எடிட் மேஜையில்

எழுதியதை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, தானாக நேர்ந்ததைத் தூக்கி எறிவது. மேலே சொன்ன மூன்று பேரில் கடைசி ஆள் சின்னப் பையன். அவன் படத்தில் ஒரு இடம்: பேயாக நடிக்கும் பெண் மிரட்டிக்கொண்டே முன்னால் வரும்போது, எங்கோ ஒரு கதவு காற்றில் படாரென்று சாத்துகிறது. அவள் நிஜமாகவே பயந்து, தான் மிரட்ட வந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிகிறாள். அவரும் வேடம் கலையாமல் கையை விரித்து அவளைக் காக்கிறார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"கண்ணடிக்கிறத எடுத்துட்டு இத வை" என்றேன். "ஸ்கிரிப்ட்ல இல்லையேண்ணா" என்றான். வாடகை கேட்க வந்தவரின் செருப்புக் கதையை அவனுக்கு முழுவதும் சொன்னேன். நன்றாகச் சிரித்தான். யோசிக்கிறேன் என்றான்.

நேற்று இறுதி வடிவம் அனுப்பியிருந்தான். பேய் கண்ணடிக்கிறது. கதவு சாத்துவதைக் காணோம்.