ஆலப்புழால ஒரு நாளைக்கு போட் எடுக்கறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

ஆலப்புழா போறவங்க முக்கால்வாசி பேர் லாட்ஜ்ல ரூம் போடற மாதிரிதான் போட் ஹவுஸ் புக் பண்றாங்க. எத்தனை பெட்ரூம், ஏசி இருக்கா, மதியம் கரிமீன் உண்டா, இது மூணையும் கேட்டுட்டு அட்வான்ஸ் அனுப்பிடறாங்க. போட் எத்தனை மணி நேரம் தண்ணில ஓடும், எந்த வழியா போகும்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. காசு குடுக்கறதே அதுக்குத்தானே? அதனால போன் பண்ணும்போது முதல் கேள்வியே அதுவா இருக்கட்டும்.

டே க்ரூஸ்னா பொதுவா காலைல 11 மணி வாக்குல ஏத்தி சாயங்காலம் 4, 5 மணிக்கு இறக்கி விட்டுடுவாங்க. அதுலயும் மதிய சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையோரமா கட்டிப் போடுவாங்க, நடுவுல மீன் கடைல நிறுத்துவாங்க, நீங்க வேற லேட்டா போய் சேந்தீங்கன்னா அந்த நேரமும் உங்க கணக்குலதான் போகும், கடைசில பாத்தா ஓடினது மூணு நாலு மணி நேரம்தான் இருக்கும். சரி ராத்திரி தங்கற பேக்கேஜா எடுத்துக்கலாம், மதியம் 12ல இருந்து மறுநாள் காலை 9 வரைக்கும்னா 21 மணி நேரம் ஆச்சேன்னு நினைப்பீங்க. ஆனா சாயங்காலம் 5:30க்கு மேல போட் ஹவுஸ் ஓட்டக்கூடாது, அந்த நேரத்துக்கு மேல மீனவர்கள் காயல்ல வலை விரிப்பாங்க, அவங்க பொழப்பு அது. அதனால ராத்திரி முழுக்க போட் கட்டியேதான் கிடக்கும். காயல்ல சுத்தறதுதான் உங்க ஆசைன்னா டே க்ரூஸே போதும், தண்ணி மேல தூங்கி காலைல எந்திரிக்கணும்னு ஆசை இருந்தா மட்டும் ராத்திரிக்கு எடுங்க.

அடுத்தது போட்டோட சைஸ். பெருசா எடுத்தா நிறைய பாக்கலாம்னு நினைக்கறது பெரிய தப்பு. போட் ஹவுஸ் எல்லாம் அகலமான தண்ணிலதான் போக முடியும், புன்னமடை காயல்ல கிளம்பி வேம்பநாட்டு காயல் ஓரமா ஒரு சுத்து சுத்தி வரும், சீசன்ல முன்னாடி ஒரு போட் ஹவுஸ் பின்னாடி ஒரு போட் ஹவுஸ்னு வரிசையா போகும். ஆலப்புழாவை ஒட்டின வயல் பகுதியான குட்டநாட்டோட நிஜ அழகு உள்ள இருக்கற சின்ன தோட்டுல, அதாவது வாய்க்கால்ல இருக்கு. கடல் மட்டத்துக்கு கீழ கிடக்கற வயலு, வயலை விட உயரத்துல ஓடற தண்ணி, வீட்டு வாசப்படில இருந்து நேரா வள்ளத்துல ஏறி ஸ்கூலுக்கு போற பசங்க, இதெல்லாம் கைனகரி பக்கம் சின்ன வாய்க்கால்ல போனாத்தான் கண்ணுல படும். அதுக்கு ஷிகாராவோ (மேல கூரை மட்டும் போட்ட சின்ன படகு), துடுப்பு போடற நாட்டு வள்ளமோ எடுக்கணும், மணிக்கணக்குல வாடகைக்கு கிடைக்குது. நாலு பேர் போறீங்கன்னா ஒரு நாள் போட் ஹவுஸ் வாடகைக்கு பதிலா ஒரு ஷிகாராவை நாலு மணி நேரத்துக்கு எடுத்துட்டு, மதியம் கரைல ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டா செலவும் கம்மி, பாக்கறதும் அதிகம். இது என் அபிப்பிராயம்தான், ஆனா வயசானவங்க இருந்தாலோ பத்து பன்னெண்டு பேரா போனாலோ போட் ஹவுஸ்தான் வசதி, உள்ளயே பாத்ரூம், கிச்சன், கால் நீட்டி படுக்க இடம் எல்லாம் இருக்கும்.

புக்கிங்ல நடக்கற ஏமாத்து வேலைக்கு வருவோம். ஸ்டேஷன்ல இறங்கினதுமே "போட் வேணுமா சார்"னு ஒருத்தர் வருவார், அவர் கமிஷனும் உங்க வாடகைலதான் ஏறும். ஆன்லைன்ல புக் பண்ணாலும் போட்டோல ஒரு போட் காட்டிட்டு அங்க போனதும் "அது ரிப்பேர் சார், அதே மாதிரி இன்னொண்ணு"ன்னு பழைய போட்ல ஏத்தி விடறது நிறைய நடக்குது. அதனால போட்டோட பேர், பதிவு எண் ரெண்டையும் வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கங்க, முடிஞ்சா முந்தின நாள் அந்த போட்ல இருந்தே வீடியோ கால் போட்டு காட்ட சொல்லுங்க. அட்வான்ஸ் கொஞ்சமா குடுங்க, மீதியை போட்டை நேர்ல பாத்த பிறகு குடுங்க. ஏசி எந்த நேரம் ஓடும்னும் கேட்டு வச்சுக்கங்க, நிறைய போட்ல ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும்தான் போடுவாங்க, பகல்ல வெறும் ஃபேன்தான், டே க்ரூஸ்க்கு ஏசி போட்டுன்னு கூட காசு வாங்கினா அது எதுக்குன்னு தெளிவா கேளுங்க.

மீன் கடை விஷயத்துல சங்கடமே படாதீங்க. போட் நிக்கற கடைல பெரிய ஆத்து கொஞ்சு (இறால்), கரிமீன் எல்லாம் ஐஸ்ல அடுக்கி வச்சிருப்பாங்க, பாத்தா ஆசையாத்தான் இருக்கும், ஆனா விலை டவுன் மார்க்கெட்டை விட நல்லாவே கூட. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடலாம், பேக்கேஜ் சாப்பாட்டுலயே மீன் வறுவல் வரும்.

எப்ப போறதுன்னு யோசிக்காம டிக்கெட் போட்டுடறதும் ஒரு தப்பு. டிசம்பர் கடைசி வாரம் வாடகை எக்கச்சக்கமா ஏறும், ஜூன் ஜூலைல நல்ல மழை, அலர்ட் குடுத்தா கலெக்டர் போட்டிங்கையே நிறுத்திடுவார், அந்த மாதிரி நிறுத்தினா பணம் திரும்ப வருமான்னு முன்னாடியே கேட்டு வைங்க. நேரு டிராபி வள்ளம்களி (படகுப் போட்டி) அன்னைக்கு புன்னமடைல போட்டிதான், உங்க சவாரிக்கு இடம் இருக்காது. ஆகஸ்ட் ரெண்டாவது சனிக்கிழமைதான்னு பழைய நினைப்புல தேதி போடாதீங்க, 2024ல வயநாடு நிலச்சரிவால செப்டம்பர் 28க்கு தள்ளி போச்சு, 2025ல ஆகஸ்ட் 30ல நடந்துச்சு.

இப்ப சொல்லப்போறதை தயவு செஞ்சு பொறுமையா படிங்க. 2002 ஜூலைல முஹம்மால இருந்து குமரகம் போன போட் இதே வேம்பநாட்டு காயல்ல முங்கி 29 பேர் செத்தாங்க. 2009 செப்டம்பர் 30 தேக்கடில 45 பேர். 2023 மே 7 தானூர்ல 22 பேர், அதுல நிறைய பேர் சின்ன குழந்தைங்க. தானூர் போட் மீன்பிடி படகை மாத்தி கட்டினது, அளவுக்கு மேல ஆள் ஏத்தி, இருட்டின பிறகு ஓட்டினாங்க. மாடி வச்ச போட்ல எல்லாரும் மேல ஏறினாலோ, ஏதோ வேடிக்கை பாக்க ஒரே பக்கமா ஓடினாலோ பாரம் ஒரு பக்கம் சாஞ்சு போட்டே கவுந்துடும், கீழ ரூம்ல இருக்கறவங்களால வெளிய வரவே முடியாது. அதனால ஏறும்போதே எத்தனை பேருக்கு லைசென்ஸ்னு பாருங்க, அதுக்கு மேல ஒரு ஆள் கூட ஏறக்கூடாது, "குழந்தைதானே சார், கணக்குல வராது"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இருக்கான்னு எண்ணுங்க, குழந்தைக்கு குழந்தை சைஸ் இருக்கணும், பெரியவங்களுது போட்டா தண்ணில தலை வழியா கழண்டுடும். ஷிகாராலயும் வள்ளத்துலயும் போட்டுட்டே உக்காருங்க, வேர்க்குதுன்னு கழட்டி சீட்டுக்கு அடில வைக்காதீங்க. தண்ணி அமைதியா இருக்கேன்னு குடிச்சிட்டு போட்ல இருந்து குதிச்சு நீந்தறது வேண்டவே வேண்டாம், அடில சேறு, ஆகாயத்தாமரை வேரு, பக்கத்துல வேற போட்டோட ப்ரொப்பல்லர். போட் ஓட்டற ஸ்ராங்க் சேட்டன் ஒண்ணு வேண்டாம்னு சொன்னா கேளுங்க, அவருக்கு அந்த காயல் தெரியும்.

இன்னொண்ணு, அது ஜனங்க வாழற இடம். போட் போற வழில படித்துறைல பெண்கள் குளிப்பாங்க, துணி துவைப்பாங்க, நீங்க போன் கேமராவை நீட்டிட்டு போனா அவங்களுக்கு எப்படி இருக்கும்? ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு அலற விடறது, பிளாஸ்டிக் தட்டை அப்படியே தண்ணில விடறது, இதெல்லாம் நம்ம ஊர் குரூப்புங்களும் பண்றதை பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. சுத்தி தண்ணி இருந்தும் குட்டநாட்டுக்காரங்க குடிதண்ணிக்கு கஷ்டப்படறாங்க. டிசம்பர் வாக்குல வயலுக்குள்ள உப்பு ஏறாம இருக்க தண்ணீர்முக்கம் பண்டு, அதாவது தடுப்பணையோட ஷட்டரை இறக்கிடுவாங்க, அந்த மாசங்கள்ல தண்ணி ஓட்டம் இல்லாம கிடக்கும், போட்ற குப்பை கடலுக்கும் போகாது, அங்கயே சுத்தும். புக் பண்ணும்போதே டாய்லெட் கழிவுக்கு டேங்க் இருக்கான்னு கேளுங்க, நாலு பேர் கேட்டாத்தான் ஓனருங்களுக்கும் பயம் வரும்.

வாடகைக்கு எடுக்கற அளவுக்கு பட்ஜெட் இல்லைன்னாலும் ஆலப்புழாவை விட்டுடாதீங்க. அரசு நீர்ப்போக்குவரத்து துறை போட் ஜெட்டில இருந்து கோட்டயத்துக்கு சாதாரண பயணிகள் போட் விடறாங்க, ரெண்டரை மணி நேரம் கிட்ட ஆகும், டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரி ரொம்ப கம்மி. ஊர்க்காரங்களோட உக்காந்து அதே காயல், அதே வயல் எல்லாம் பாத்துட்டு போகலாம், காலைலயே ஜெட்டிக்கு போய் டைம் கேட்டு ஜன்னலோரம் இடம் பிடிச்சுக்கங்க.