பெருந்தொற்றுக் காலத்தில் ரசிகர் மாநாடு: நடத்துவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பது

பதினோரு வருடமாக ஒரு ரசிகர் மாநாட்டின் அமைப்புக் குழுவில் இருக்கிறேன். காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள் நடக்கும் மாநாடு. பதிவு மேசையும் தன்னார்வலர்களும் என் பொறுப்பு. 2020 மார்ச்சில் மாநாட்டை ரத்து செய்யக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. 2022-இல் மறுபடி நடத்தலாம் என்றும் கை தூக்கினேன். இரண்டு முடிவும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் முதல் முடிவை நாங்கள் எடுத்த விதம் சரியில்லை. இன்னொரு தொற்று வரும்போது வேறொரு குழு அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேதியை முதலில் குறியுங்கள்

அந்த வருடம் மூன்று வாரத்தில் ஐந்து முறை கூடினோம். ஒவ்வொரு கூட்டமும் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று முடிந்தது. பொறுத்திருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மூன்று வாரத்தில் வெளியூர்க்காரர்கள் பயணச்சீட்டு வாங்கினார்கள். ஓவியர்கள் அச்சகத்துக்குப் பணம் கட்டினார்கள். ஒரு பெண் நான்கு மாதம் உழைத்த காஸ்ப்ளே (கதாபாத்திரம் போல உடையணிவது) கவசத்துக்குக் கடைசி வண்ணம் அடித்து முடித்திருந்தாள். மாநாட்டுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ரத்து என்று அறிவித்தோம். நஷ்டம் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது.

எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. சியாட்டிலின் எமரால்டு சிட்டி காமிக் கான் 2020 மார்ச் 12-ஆம் தேதி தொடங்க வேண்டியது. மார்ச் 6-இல்தான் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். ஜூலையில் நடக்க வேண்டிய சான் டியேகோ காமிக் கான் ஏப்ரல் 17-ஆம் தேதியே ரத்தானது. அதன் ஐம்பது வருட வரலாற்றில் அதுதான் முதல் ரத்து. மூன்று மாதம் முன்னதாகச் சொன்னதால் எத்தனை பேர் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நாட்காட்டியை எடுத்து மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அரங்கத்துக்கு அடுத்த தவணை என்றைக்கு? வருபவர்களின் விடுதிப் பணம் எந்த நாளுக்குப் பிறகு திரும்ப வராது? ஓவியர்கள் எப்போது அச்சுக்குக் கொடுப்பார்கள்? இந்த மூன்று நாட்களுக்கும் ஒரு வாரம் முன்னால் ஒவ்வொரு முடிவுத் தேதி வையுங்கள். அன்றைக்கு நடத்துவது, தள்ளிவைப்பது, ரத்து செய்வது என்ற மூன்றில் ஒன்று உறுதியாக வேண்டும். "பார்ப்போம்" என்ற நான்காவது பதிலுக்கு இடமில்லை என்று குழுவில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்கும் ஒருவர் வேண்டும்

தாமதத்துக்குப் பெரும்பாலும் பணம்தான் காரணம். அரங்க ஒப்பந்தத்தில் 'போர்ஸ் மஜோர்' என்று ஒரு பிரிவு இருக்கும். வெள்ளம், போர், அரசுத் தடை போல யார் கையிலும் இல்லாத காரணத்தால் நிகழ்ச்சி நின்றால் இரு தரப்புக்கும் கடமை நீங்கும் என்று அது சொல்லும். சிக்கல் என்னவென்றால், அரசு தடை போடுவதற்கு முன் நாமாகவே நிறுத்தினால் பல ஒப்பந்தங்களில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. முழு வாடகையையும் கட்ட நேரும். அதனால் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும் அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கும் குழுக்கள் உண்டு. நாங்களும் காத்திருந்தோம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தொற்று நோயின் பெயரால் நிறுத்துவதும் அந்தப் பிரிவில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும் தேதியை மாற்றித் தரப் பல அரங்கங்கள் ஒப்புக்கொள்ளும். விடுதியில் மொத்தமாக அறைகள் பிடித்திருந்தால், குறைவாக நிரம்பும்போது எவ்வளவு அபராதம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாடு ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்கு மாறியது. முந்தைய வருடம் வெலிங்டனில் நடக்க வேண்டிய அதே மாநாடு முழுக்க இணையத்துக்குப் போனது. தேதியை மாற்ற வழி இருக்கும் குழுவுக்கு நல்ல முடிவெடுக்கும் துணிச்சல் தானாக வரும்.

வருபவர்களுக்கும் அதே வழி வேண்டும். மாநாடு தொடங்கும் காலை வரை, காரணம் கேட்காமல் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதை நான் பணச் சலுகையாகப் பார்க்கவில்லை, நோய்த் தடுப்பாகவே பார்க்கிறேன். பணம் திரும்பாது என்றால் காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்குத் தெரியும், ஒரு வருடம் நானே அப்படிப் போயிருக்கிறேன்.

எந்த நிலையில் நடத்தவே கூடாது

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நோய் புதிது, தடுப்பூசி இல்லை, எப்படிப் பரவுகிறது என்று தெளிவில்லை, மருத்துவமனைகள் நிரம்புகின்றன என்ற நிலையில் பெரிய மாநாடு நடக்கக் கூடாது. வாசலில் கை கழுவும் திரவம் வைத்தாலும், நெற்றியில் வெப்பமானி பிடித்தாலும் கூடாது. காய்ச்சல் வருவதற்கு முன்பே பரப்பும் நோயை வெப்பமானி தடுக்காது.

மாநாடு என்பது வெறும் கூட்டமில்லை. பல ஊர்களிலிருந்து வந்து, ஒரே அறையில் நான்கைந்து பேர் தங்கி, மூன்று நாள் சரியாகத் தூங்காமல், சத்தமாகப் பேசிச் சிரித்து, பாடி, பிறகு அத்தனை பேரும் அவரவர் ஊருக்குத் திரும்பும் நிகழ்வு. மாநாடு முடிந்ததும் வரும் சளிக்காய்ச்சலுக்கு ரசிகர்களிடையே 'கான் கிரட்' என்று பெயரே உண்டு. ஒரு வருடம் என் பதிவு மேசையில் இருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் அடுத்த வாரம் படுத்தார்கள். வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். 2009-இல் எச்1என்1 பரவியபோது சியாட்டிலில் நடந்த பேக்ஸ் என்ற விளையாட்டு ரசிகர் மாநாட்டுக்குப் பிறகு சுமார் நூறு பேருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. அப்போதே நாங்கள் எல்லோரும் விழித்திருக்க வேண்டும்.

2020 மார்ச் 10-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குக் கோவிட்-19 வந்ததாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். ஒரே மாலை, ஒரே அறை. உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19-ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது அதற்கு மறுநாள்தான்.

சரி, அந்தக் கட்டம் தாண்டியபின்? அன்றாட நோயாளி எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலேயே பரிசோதனை செய்ய ஆரம்பித்ததும் அந்த எண் பொய்யாகிவிடும். மருத்துவமனைச் சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா, கழிவுநீர்ப் பரிசோதனை என்ன காட்டுகிறது, வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி கிடைத்திருக்கிறதா, புதிய திரிபு ஏதாவது தலைகாட்டியிருக்கிறதா என்ற நான்கையும் பாருங்கள். எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவோம் என்பதை அமைதியான நேரத்தில் எழுதி வையுங்கள். சேர்க்கை எண் இன்றைக்குக் காட்டுவது சில வாரம் முன்பு நடந்த பரவலை. அதனால் ஏறுமுகம் என்றால் உண்மை நிலை அதைவிட மோசமாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றை அளந்து பாருங்கள்

இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். கையடக்கக் கரியமில வாயு மானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். அறைக்குள் எண் ஏற ஏற, மற்றவர் விட்ட மூச்சை நாம் இழுக்கும் பங்கு கூடுகிறது என்று பொருள். 800-க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி.

காலி அரங்கத்தில் அளந்து பயனில்லை. அதே அரங்கில் வேறு யாராவது நிகழ்ச்சி நடத்தும் நாளில் போய் அளந்தேன். ஆயிரக்கணக்கானோர் நடமாடிய பெரிய கூடத்தில் 700-ஐ ஒட்டியே இருந்தது. மேல்தளத்துச் சிறிய உரையாடல் அறையில் அறுபது பேர் நாற்பது நிமிடம் உட்கார்ந்ததும் 1,900 தாண்டிவிட்டது. நாங்கள் இரவு பகலாகக் கவலைப்பட்டது பெரிய கூடத்தைப் பற்றி. உண்மையான ஆபத்து அந்தச் சின்ன அறையிலும், மின்தூக்கியிலும், கையெழுத்து வாங்க வரிசை நிற்கும் குறுகிய நடையிலும் இருந்தது.

2020 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லைப்சிக் நகரில் சுமார் 1,400 தன்னார்வலர்களை வைத்து ஒரு இசை நிகழ்ச்சியையே சோதனையாக நடத்தினார்கள். காற்றோட்டம் நன்றாக இருப்பதற்கும் மோசமாக இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் என்று கண்டார்கள். நெருக்கமான தொடர்பு கூடுவது நுழைவிலும் இடைவேளையிலும் என்றும் தெரிந்தது. அதனால் நுழைவு வாயில்களைக் கூட்டுங்கள், இடைவேளைகளை ஒரே நேரத்தில் வைக்காதீர்கள்.

அரங்கப் பொறியாளரிடம் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்று கேளுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் சொன்ன குறைந்த அளவு ஐந்து முறை. காற்று வடிகட்டி, நுண்துகள்களையும் பிடிக்கும் மெர்வ் 13 தரமா என்றும் கேளுங்கள். பதில் திருப்தியில்லாத சிறிய அறைகளில், பெட்டி விசிறியைச் சுற்றி நான்கைந்து வடிகட்டிகளை ஒட்டிச் செய்யும் கோர்சி-ரோசன்தால் பெட்டிகளை வையுங்கள். எங்கள் தன்னார்வலர்கள் ஒரே மாலையில் எட்டு பெட்டி செய்தார்கள். காஸ்ப்ளே செய்யும் கைகளுக்கு அட்டையும் ஒட்டு நாடாவும் புதிதா என்ன!

கூடத்துக்கு வெளியே நடப்பது

2021 நவம்பரில் நியூயார்க்கில் அனிமே என்ஒய்சி என்ற ரசிகர் மாநாடு நடந்தது. சுமார் 53,000 பேர் வந்தார்கள். தடுப்பூசிச் சான்றும் முகக்கவசமும் கட்டாயம். அங்கே வந்துபோன ஒருவருக்கு ஒமிக்ரான் என்று தெரிந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு 4,560 பேரின் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தபோது 119 பேருக்குத் தொற்று இருந்தது; அதாவது 2.6 சதவீதம். நகரில் அன்றிருந்த பரவலை ஒத்த அளவுதான். தொற்று வராதவர்களைவிட வந்தவர்களே மதுக்கூடம், கரோக்கே, இரவு விடுதி என்று போனதாகவும், உள்ளே மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் அதிகம் சொன்னார்கள்.

இந்த ஒரு ஆய்வு எங்கள் திட்டத்தையே மாற்றியது. இரவு விருந்துகளைக் குழுவின் பெயரில் நடத்துவதை நிறுத்தினோம். சாப்பாட்டு மேசைகளைத் திறந்தவெளிக்கு மாற்றி, சாப்பாட்டு நேரத்தை மூன்று மணி நேரமாக நீட்டினோம். கூட்டத்தையும் பாதியாகக் குறைத்தோம். ஜப்பானின் காமிகெட் என்ற காமிக்ஸ் ரசிகர் சந்தை 2019 டிசம்பரில் நான்கு நாளில் ஏழரை லட்சம் பேரைக் கண்டது. இரண்டு வருடம் கழித்து மறுபடி நடந்தபோது நாளுக்கு 55,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அவர்களால் முடியும் என்றால் நம்மால் முடியும்.

முகக்கவச விதியை ஒரே வரியில் எழுதுங்கள். கதாபாத்திரத்தின் பிளாஸ்டிக் முகமூடி முகக்கவசம் ஆகாது, அதற்குள் என்95 இருக்க வேண்டும், படம் எடுக்க வெளிமுற்றத்தில் கழற்றலாம். இதைச் சொல்லும் வேலையைப் பத்தொன்பது வயதுத் தன்னார்வலரிடம் விடாதீர்கள். எங்கள் வாசலில் ஒரு பையனைப் பெரியவர் ஒருவர் இரண்டு நிமிடம் திட்டினார். அவன் அழுததைப் பிறகுதான் பார்த்தேன். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் குழு உறுப்பினர்கள்தான் நின்றோம்.

விரைவுப் பரிசோதனை அந்த நேரத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மூன்று நாளுக்கு முன் எடுத்த சான்றை வைத்து நிம்மதி அடையாதீர்கள். முடிந்தால் வரும் காலையில் ஒன்று, பணியாளர்களுக்குத் தினமும் ஒன்று.

வர முடியாதவர்களும் உங்கள் ரசிகர்கள்தான்

2022 அறிவிப்புக்குப் பிறகு ஒருவர் எனக்கு எழுதினார். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர். ஏழு வருடமாக எங்கள் மாநாட்டுக்கு வந்தவர். "நீங்கள் நடத்தலாம் என்று எடுத்த முடிவில் நான் வரமாட்டேன் என்பதும் அடங்கியிருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரிந்திருக்கவில்லை. அதன்பிறகு எல்லா உரைகளையும் இணையத்தில் நேரலை செய்தோம். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி இணையத்தில் இருப்பவருக்கு என்று விதி வைத்தோம். ஓவியர்களின் ஸ்டால்களுக்கும் இணையப் பக்கம் திறந்தோம். மாநாட்டு வருமானத்தை நம்பி வாழும் ஓவியருக்கு, அடுத்த முறை ரத்தானாலும் அந்தப் பக்கம் இருக்கும்.

கடைசியாக, முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. யாருக்காவது தொற்று வந்தால் பெயர் சொல்லாமல் தெரிவிக்க ஒரு படிவம் திறந்து வையுங்கள். எந்த நாள், எந்த அறை, எங்கே சாப்பிட்டார் என்ற மூன்று கேள்வி போதும். வந்த எண்ணிக்கையைத் தினமும் மறைக்காமல் வெளியிடுங்கள். பத்து நாள் முடியும் முன் மூடாதீர்கள். எங்களுக்குக் கடைசிப் பதில் ஒன்பதாம் நாள் இரவு வந்தது. மேல்தளத்தில் நாங்கள் வடிகட்டிப் பெட்டி வைக்க மறந்த அறையில் இரண்டு உரைகள் கேட்டதாக எழுதியிருந்தார்.