ஹைப்ரிட் காரில் பிரேக் பேட் மாற்றியபின் எரியும் விளக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் கார் வைத்துக்கொண்டு தாமே பிரேக் பேட் மாற்றப் பார்க்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), விஎஸ்சி (கார் சறுக்காமல் காப்பது), மஞ்சள் பிரேக் விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும். நாங்கள் தொழில் கற்ற காலத்தில் நடந்த அதே தவறுகள்தான். போல்ட்டை இறுக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லாக் காருக்கும் பொது.

12 வோல்ட் பேட்டரியைக் கழற்றாமல் கேலிப்பரைத் தொடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பத்து நிமிட வேலையை மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள்.

சாதாரணக் காரை அணைத்துவிட்டால் பிரேக்கும் சும்மா இருக்கும். பிரியஸ் அப்படி இல்லை. மிதி எவ்வளவு ஆழம் போனது என்று ஒரு சென்சார் கணினிக்குச் சொல்லும். மோட்டார் எவ்வளவு பிடிக்க வேண்டும், பிரேக் ஆயில் அழுத்தம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணினி பிரித்துக் கொடுக்கும். அந்த அழுத்தத்தை ஒரு மின்பம்ப் முன்கூட்டியே ஏற்றி, அக்யுமுலேட்டர் என்ற அழுத்தச் சேமிப்பானில் சேர்த்து வைக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தாலே அது முழித்துக்கொள்ளும். முன்பக்கத்திலிருந்து வரும் ‘உர்ர்’ சத்தம் அதுதான். பேட் இல்லாமல் கேலிப்பர் (பேடை அழுத்தும் பிஸ்டன் உள்ள பாகம்) தொங்கும் நேரத்தில் கணினி முழித்திருக்க, யாராவது மிதியைத் தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

தனியார் வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர், நண்பரின் தரைவீட்டு வாசலில் முன்பக்க பேட் மாற்றினார். பிஸ்டனை உள்ளே தள்ளி, புது பேட் போட்டு, நேராக ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தானை அழுத்தினார். பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி. மிதி அடிவரை போய்விட்டது. மிதி இவ்வளவு போயும் அழுத்தம் ஏறவில்லையே என்று கணினி கோளாறு எழுதிக்கொண்டு விளக்குகளைப் போட்டது. அவர் காட்டிய பட்டறையில் ஆக்சுவேட்டர் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

“அண்ணே, ஆக்சுவேட்டர் போச்சாம்.”

கதவைத் திறந்து கேட்டேன். பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நின்றது, மறுபடி ஓடவில்லை. அழுத்தம் நிற்கிறது, கசிவு இல்லை. மிதியும் அதற்குள் கெட்டியாகியிருந்தது. கோளாறு எண்களை எழுதிக்கொண்டு அழித்தோம். விளக்கு திரும்பி வரவில்லை. முன்பணமும்தான் திரும்பி வரவில்லை. நல்ல பாகத்தைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. ஆனால் அதற்கு வழிவிட்டது கழற்றப்படாத ஒரு பேட்டரி டெர்மினல்.

ஆகவே காரை அணையுங்கள். ஸ்மார்ட் கீயைத் தூர வையுங்கள். 10 மிமீ ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் விடுங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் பேட்டரி பின்னால் வலது மூலையில் இருக்கிறது. பின்கதவுப் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும்; அதனால் கதவை மூடிவிடாதீர்கள். முன்பக்க பேட் போட்டபின், பேட்டரியை இணைக்கும் முன்பே மிதியை மெதுவாகப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பின்சக்கரத்துக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் முறையைப் பார்க்காமல் கைவைக்க வேண்டாம்.

கோளாறு எண்ணைப் படிக்காமல் அழிப்பது

மலிவான ஓபிடி கருவிகள் (காரில் செருகிக் கோளாறு எண்ணைப் படிப்பவை) பல என்ஜினை மட்டும்தான் படிக்கும். அது ‘கோளாறு இல்லை’ என்றால் பிரேக் சரி என்று அர்த்தமில்லை. பிரேக் கணினியையும் படிக்கும் கருவி வேண்டும். முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் அழியுங்கள். சி1391 என்றால் அக்யுமுலேட்டர் அழுத்தம் கசிகிறது என்று பொருள். பிரேக்கில் கால் வைக்காமலேயே பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை ஓடினால், கோளாறு உண்மையாகவே இருக்கிறது. சி1345 வால்வு அளவைக் கணினி இன்னும் கற்கவில்லை என்பதைக் காட்டும். அழித்தால் போதாது, மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

சக்கர சென்சார் வயர்

கேலிப்பரைத் தொங்கவிடும்போது வயரும் சேர்ந்து இழுபடும். ஏபிஎஸ், விஎஸ்சி மட்டும் எரிந்தால் நீங்கள் கைவைத்த சக்கரத்தின் வயரையும் இணைப்பையும் முதலில் பாருங்கள்.

மின் கைப்பிரேக் உள்ள காரில் பின் பிஸ்டனை அழுத்துவது

வேண்டாம். முதலில் மெயின்டனன்ஸ் மோடுக்கு, அதாவது பிஸ்டனைப் பின்னிழுத்து விடும் சர்வீஸ் நிலைக்கு, மாற்றுங்கள்.

ஸ்கேன் கருவி இல்லாமல் பிரேக் ஆயில் குழாயிலிருந்து காற்று எடுப்பது

பட்டறைக்கு விடுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல்நாள் வேலை தொடங்குவது

சிங்கப்பூரில் சொந்தக் காருக்கு 3 வயதிலிருந்து 10 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் சோதனை உண்டு. தேதி முன்பே தெரியும். விளக்கு எரிந்தால் காரணம் தேட ஒரு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு விளக்கு

சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், கைப்பிரேக் விடுபட்டதா, பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றாலோ, மிதி மெதுவாக உள்ளே இறங்கினாலோ, பட்டறை பக்கத்தில்தான் என்று ஓட்டிப் போகாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.